முதல் ஆளும் கடைசி ஆளும்

"வெக்கப்படாம சொல்லுங்க. இங்க உக்காந்திருக்கறவங்க அத்தனை பேரும் ஒரு காலத்துல சாக்கடைல உழுந்து எந்திரிச்சவங்கதான்."

மயில்சாமி இப்படிச் சொன்னதும் தையல்காரர் அருள்குமாரும், செக்கிங் வேலை பார்க்கும் தெய்வாத்தாளும் ஏதோ பட்டம் வாங்கியவர்கள் போலத் தலையாட்டினார்கள்.

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி மாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின் ஓடாது என்பதால், குடியை விட்டவர்கள் அங்கே கூடிப் பேசுவார்கள். கூட்டம் என்று பெயர்தானே தவிர வருவது மூன்றே பேர். நடத்துபவர் கட்டிங் மாஸ்டர் மயில்சாமி. குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. தங்கமான மனுஷர். ஆனால் எதிரே இருப்பவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர் அடுத்ததை ஆரம்பித்துவிடுவார். போன மாதம் வந்த இரண்டு பேர் மறு வாரமே காணாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று தெய்வாத்தாள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

இன்றைக்கு நாலாவதாக ஒருவர் வந்திருக்கிறார். பெயர் கிட்டுசாமி. நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரை விடவே கூடாது என்று மயில்சாமி முடிவு செய்துவிட்டார்.

"பதினோரு மணிக்குள்ள முடிஞ்சிருமுங்களா?" என்றார் கிட்டுசாமி.

"அப்படியென்ன அவசரங்க?"

"பன்னெண்டு மணிக்குக் கடை தெறக்கணுமுங்க."

அருள்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மயில்சாமி அவரை முறைத்துவிட்டுத் திரும்பினார்.

"எந்தக் கடை?"

"சேவூர் ரோட்டுல இருக்குதுங்களே, அந்த ஒயின் ஷாப்புங்க. நான் அங்க..."

"தெரியுதுங்க, தெரியுதுங்க! எத்தனை வருசமா?"

"பதினோரு வருசமுங்க. முன்னாடி வேற கடை. இப்ப ரெண்டு மாசமா இங்க."

"தினமுமா?"

"தினமுந்தானுங்க. வருசத்துல கடைய மூடச் சொல்லற ஏழெட்டு நாள் மட்டும் இல்ல."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டு மணிக்கு உள்ள போனா ராத்திரி பத்துங்க. மொத ஆளும் நான்தான், கடைசி ஆளும் நான்தான்."

அருள்குமாரின் வாய் பிளந்தது. குடித்த காலத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இத்தனை வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்தவர் அவர்.

"சோறு தண்ணி?" என்றாள் தெய்வாத்தாள்.

"ஊட்டுல இருந்து தூக்குப்போசில குடுத்து உட்ருவாங்க்கா."

"கடைக்கேவா? சம்சாரம் ஒண்ணும் சொல்லாதா?"

"சொல்லுவாளுங்க. லேட்டாக் கிளம்புனா சத்தம் போடுவா."

தெய்வாத்தாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மயில்சாமிக்கோ உள்ளுக்குள் ஒரே உற்சாகம். நாலு வருஷத்தில் இப்படி ஒரு கேஸ் கிடைத்ததில்லை. இவரைக் கரையேற்றிவிட்டால் திருப்பூரே திரும்பிப் பார்க்கும்.

"உடணும்னு மனசுல இருக்குதுங்க," என்றார் கிட்டுசாமி. "மக பெரிய மனுசி ஆயிட்டா. வாய் நாறுதுன்னு பக்கத்துலயே வர மாட்டேங்கறா. ஆனா கைய நீட்டுனா பாட்டல். எப்படிங்க உடறது?"

தெய்வாத்தாள் பையிலிருந்து ஒரு நெல்லிக்காயை எடுத்து நீட்டினாள்; குடிக்கத் தோன்றும்போதெல்லாம் அவள் வாயில் அடக்கிக்கொள்வது அதுதான்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் போகாம இருந்து பாருங்க," என்றார் மயில்சாமி.

"ஐயோ, சும்மா உட மாட்டாங்க! போன மாசம் காய்ச்சல்ல அரை மணி நேரம் லேட்டாப் போனேன். அத்தனை பேரும் வாசல்லயே நின்னுட்டு போன் மேல போனுங்க."

"சகவாசம்! எல்லாம் சகவாச தோசம்!"

"அதுக்கில்லீங்க, நான் அங்க என்ன வேலை..."

"வேலை வெட்டி பத்தியெல்லாம் இங்க கேக்கறதில்லீங்க. அது நம்ம சட்டம். நீங்க போங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

கிட்டுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஓட்டமாகப் படியிறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை கம்பெனியில் பெர்மிஷன் போட்டுவிட்டு மூவரும் சேவூர் ரோட்டுக் கடைக்கு எதிரே வந்து நின்றார்கள். பூட்டிய ஷட்டர் முன்னால் ஐம்பது பேர் காத்திருந்தார்கள். நாலு வருஷம் கழித்து அந்த வாசனை. மயில்சாமி தெய்வாத்தாளின் பையிலிருந்து ஒரு நெல்லிக்காயை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிட்டுசாமியின் மொபட் வந்தது.

தெய்வாத்தாள் பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அருள்குமார் பின்சீட்டைப் பிடித்தார். மயில்சாமி ஆளையே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"உடுங்க மாஸ்டர், மணியாச்சு!"

"உட மாட்டோம் கிட்டுசாமி! இன்னிக்கு ஒரு நாள் பல்லக் கடிச்சுக்குங்க! உங்க மகளுக்காக!"

"மாஸ்டர், ஒரு நிமிசம் நான் சொல்லறதக் கேளுங்க..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்!"

ஷட்டர் முன்னால் நின்ற ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் இவர்களை நோக்கி ஓடி வந்தது. இவர்கள்தான் அந்தப் பொல்லாத கூட்டாளிகள் என்பது மயில்சாமிக்குப் புரிந்தது. கிட்டுசாமியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"யாரு வந்தாலும் இவர உள்ள அனுப்ப மாட்டோம்!" என்று கத்தினார்.

முன்னால் ஓடி வந்தவர் கிட்டத்தட்ட அழுதேவிட்டார்.

"யோவ், அவர உடுங்கய்யா! கடைச் சாவி அவருகிட்டத்தான்யா இருக்குது!"