ரெண்டாவது கோடு

"வேருக்குள்ள ஊசியை உடைச்சு வச்சுட்டு, கையைக் கழுவிட்டாரா உங்க டாக்டர்?"

கும்பகோணம் பல் டாக்டர் ராஜராஜன், திரையில் தெரிந்த எக்ஸ்ரேயைப் பார்த்துச் சிரித்தார். கடைவாய்ப்பல்லின் வேருக்குள் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு.

நாற்காலியில் சாய்ந்திருந்த தங்கையனுக்குத் திருவிடைமருதூர். நெல் அறுவடை மிஷின் மெக்கானிக். கும்பகோணத்திலேயே எதிர்த்தெரு டாக்டர் இளஞ்செழியனிடம் வேர் சிகிச்சை பாதியில் இருக்கும்போது, வேரைக் குடைந்து சுத்தம் செய்யும் மோட்டார் ஊசி உடைந்துபோய், இங்கே வந்திருந்தார்.

"அது ஏன் சார் உடையுது?" குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"அவர் வச்சிருக்கிறது ஒரே பக்கமா சுத்துற ஊசி. வேர் வளைஞ்சிருந்தா மாட்டிக்கும். முறுக்கிக்கிட்டு உடையும். என்னோடது முன்னால கொஞ்சம் சுத்தி, பின்னால கொஞ்சம் திரும்பும். சிக்காது."

தங்கையன் முகம் மலர்ந்தது. "புரியுது சார்! வைக்கோல் சிக்கினா நாங்க ரிவர்ஸ் போடுவோமே, அந்த மாதிரி!"

"அதேதான். மாத்துங்க மாத்துங்கன்னு பத்து தடவை சொல்லிட்டேன். கேட்டாத்தானே? போன மாசம் டாக்டர்கள் கூட்டத்துல ரெண்டு ஊசியையும் எல்லார் முன்னாலயும் ஓட்டிக் காட்டினேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தார்."

"எத்தனை ஆர்.பி.எம். ஓடும் சார்?"

"முந்நூறு. வாயைத் திறங்க."

மயக்க மருந்து போட்டு மரத்துப்போயிருந்த வாய். மோட்டார் மெல்ல முனகியது. உடைந்த துண்டைத் தொடுமுன் பக்கத்து வேரைச் சுத்தம் செய்துவிடலாம் என்று அதில் இறங்கினார். அங்கேயும் வளைவு. கொஞ்சம் அழுத்தினார்.

டிக்.

அவர் விரலுக்கு மட்டும் தெரிந்தது. ஊசியை வெளியே எடுத்துப் பார்த்தார். நுனியைக் காணோம்.

நர்ஸ் பஞ்சு எடுக்கத் திரும்பியிருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

பேசாமல் இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார். திரையைத் திருப்புவதற்குள் தங்கையன் எட்டிப் பார்த்துவிட்டார்.

"சார், இப்ப ரெண்டு கோடு இருக்கே?"

ராஜராஜன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சொல்லிவிடலாம்தான். ஆனால் சற்றுமுன்தானே அத்தனை பேசினோம்?

"அது... அவர் கையில உடைஞ்சது ரெண்டு துண்டுங்க. முதல் படத்துல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சிருந்துச்சு."

தங்கையன் தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"ஒரே துண்டுதான்னு சொன்னாரே சார்."

"யாரு?"

"இளஞ்செழியன் சார்தான். உடைஞ்ச நிமிஷமே மிஷினை நிறுத்திட்டாரு. 'என் தப்புங்க, ஒரு துண்டு உள்ள நின்னுபோச்சு'ன்னு படத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டாரு. அவ்வளவு பெரிய டாக்டரு, எனக்கே சங்கடமாப் போச்சு."

ராஜராஜன் கையுறையைக் கழற்றப் பார்த்தார். ஈரத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"உங்ககிட்ட என்னை அனுப்பினதே அவருதான் சார். இந்த வாசல் வரைக்கும் கூட வந்து விட்டுட்டுப் போனாரு. 'ஊசி யார் கையிலயும் உடையும். உடைஞ்சா மறைக்காம சொல்ற மனுஷன் ராஜராஜன், தைரியமாப் போங்க'ன்னாரு."