பதினொரு ஃபிளாப்பி

"இன்னா வேலை பண்றே தம்பி?" என்றார் ராஜகீழ்ப்பாக்கம் சிமெண்ட் கடை குப்புராஜ், தன் மகள் செண்பகத்தைப் பெண் கேட்டு வந்த சம்பத்திடம்.

"கம்ப்யூட்டர் கேம் எழுதறேன் சார். தாம்பரத்துலேர்ந்து வண்டலூருக்கு ஆட்டோ ஓட்டற கேம். ஃபிளாப்பியில போட்டு விக்கறேன்."

"எத்தினி வித்துச்சு?"

"ஒரு வருஷத்துல பதினொண்ணு."

"இத்த வெச்சிகினு என் பொண்ணுக்கு எப்டி சோறு போடுவே?"

கதவோரம் நின்ற செண்பகத்தின் கண்கள் கலங்கின.

"எல்லாரும் வெளிய போங்க. இவருகிட்ட தனியா பேசணும்" என்றார் குப்புராஜ்.

கதவைச் சாத்திவிட்டு, மேஜையிலிருந்த கடைக் கணக்குக் கம்ப்யூட்டரைச் சம்பத் பக்கம் திருப்பினார். திரையில் ஓர் ஆட்டோ. அதை மறித்தபடி ஓர் எருமை.

"மூணு மாசமா இந்த எருமைய தாண்ட முடியல மாப்ளே. வழி சொல்லேன்!"

சம்பத் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"முகூர்த்தத் தேதி குறிங்க மாமா, சொல்றேன்."