மினுங்காத மீட்டர்

கோழிப் பீயை வழித்து, தன் முந்தானையிலேயே துடைத்துவிட்டுத்தான் தீர்த்தம்மாள் அந்த மீட்டரை நீட்டினாள். அல்போன்ஸ் கைக்குட்டையை விரித்து இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார்.

அசிங்கம் என்று விட்டுவிட முடியுமா? ரெண்டாம் உலக யுத்தத்தில் பறந்த விமானத்தின் மீட்டர். எத்தனை அடி உயரத்தில் போகிறோம் என்று பைலட்டுக்குக் காட்டியது. தீர்த்தம்மாளின் மாமனார் பெங்களூரில் மிலிட்டரிப் பழைய சாமான்களை லாரியில் ஏற்றிய காலத்தில் மடியில் கட்டிக்கொண்டு வந்தாராம். அன்றிலிருந்து அரூர் பக்கத்தில் இந்த வீட்டுக் கோழிக்கூண்டில் கிடக்கிறது.

அல்போன்ஸ் பெங்களூரில் விமானக் கம்பெனியில் வேலை பார்த்து, ரிட்டயர் ஆகி, கம்பைநல்லூரில் வீடு கட்டிக்கொண்டவர். ஹாலில் ஒரு கறுப்புப் பலகை. அதில் யுத்தகால விமான மீட்டர்கள் ஐந்து. ஆறாவதற்கு ஓட்டை போட்டுவிட்டு வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். மாதா திருவிழாவுக்கு வரும் பழைய சிநேகிதர்களிடம், இந்தத் தடவையாவது அந்த ஓட்டையைக் காட்டி அசடு வழியக்கூடாது என்றிருந்தார்.

லைட்டை அணைத்தால் ஐந்தும் பச்சையாக மினுங்கும். பங்குச் சாமியார், பேங்க் மேனேஜர், தன் மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கிற வெங்கடாசலம் என்று வீட்டுக்கு வந்த ஒருவரையும் அவர் சும்மா விட்டதில்லை. நாற்பது வருஷமாகியும் ஒளி குறையவில்லை பாருங்கள், ரேடியத்தின் வீரியம் அப்படி என்று அளப்பார். ஆனால் கண்ணாடிமேல் யாரும் கை வைக்க விடமாட்டார்.

இப்போது மீட்டரைத் திருப்பிப் பார்த்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் காணோம். எண்களிலும் முள்ளிலும் இருந்த ரேடியத்தை ஒரு பொட்டு விடாமல் யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். வெறும் தகரம் பல்லை இளித்தது.

இதற்காகவா வலிக்கிற முட்டியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம் என்று இருந்தது அவருக்கு. நாய்க்குக் கிடைத்த தேங்காய் மாதிரி வைத்திருந்திருக்கிறார்களே! பிள்ளைகளை விளையாட விட்டாயா, குடிகாரன் எவனாவது கைவரிசை காட்டினானா என்று பொரிந்து தள்ளினார். தீர்த்தம்மாள் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். அவர் பேச விட்டால்தானே?

அவள் பாவம், உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். சொம்பின் விளிம்பில் ஈ உட்கார்ந்திருந்தது. அல்போன்ஸ் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மத்தியான மருந்துக்கு நேரமாகிவிட்டது. சோப்பு கேட்டு வாங்கி, முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். போன மாசம் ஆரம்பித்த புதுப் பஸ்பம். அவர் மறந்தாலும் மனைவி இசபெல்லா மறக்கமாட்டாள். நேற்று ராத்திரி கரண்ட் போனபோதுகூட, மெழுகுவத்தி ஏற்றாமலே அலமாரியிலிருந்து நேராகப் பொட்டலத்தை எடுத்து வந்தவள். மருந்து விஷயத்தில் அவளுக்கு அத்தனை அக்கறை.

பஸ்பத்தை நாக்கில் கொட்டி, ஈயை ஓட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மோரைக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்ததும் மறுபடி ஆரம்பித்தார்.

"ஏம்மா, ரேடியம்னா என்னான்னு தெரியுமா உனக்கு? துளி உள்ள போனாப் போதும், எலும்பையே அரிச்சிரும். ஆளு அவ்வளவுதான். இதப் போயி எந்த மடையன் சொரண்டுனான்?"

"மடையன்னு சொல்லாதீங்க சார். வூட்டுக்கு வந்த பெரிய மனுசன். நாந்தான் குடுத்தனுங்க. ஒரு பொட்டு சிந்தாம காயிதத்துல வழிச்சி எடுத்துக்கிட்டாரு."

"விஷத்த எடுத்துக்கிட்டுப் போயி என்ன பண்ணப் போறான் அவன்?"

தீர்த்தம்மாள் சொம்பை எடுக்கக் குனிந்தாள். அவர் கசக்கிப் போட்டிருந்த பொட்டலக் காகிதத்தைக் கூடவே பொறுக்கிக்கொண்டாள்.

"நம்ம வெங்கடாசலம் வைத்தியருதானுங்க, மூட்டுவலிப் பஸ்பத்துல சேக்கறதுக்கு."