முயலுக்கு ஒன்று, மூஸுக்கு ஒன்று

அவன் சின்னதைத்தான் தொட்டான்.

வேட்டைக்கடையின் கண்ணாடி மேசைமேல் மூன்று தோட்டாக்கள் நின்றன. சின்னது இருபத்திரண்டு காலிபர். முயலுக்கு. நடுவில் இருந்தது இருநூற்று நாற்பத்துமூன்று. மானுக்கு. கடைசியில், விரல் நீளத்துக்கு, முந்நூற்றெட்டு.

அது மூஸுக்கு. மான் இனம்தான், ஆனால் குதிரையைவிட உயரமான மிருகம். விரிந்த கொம்போடு வந்தால் வீட்டு வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்.

எதைச் சுடப்போகிறாய் என்று வெள்ளைக்காரக் கடைக்காரர் கேட்டிருந்தார்.

முயல் என்றான்.

ஓர் ஆளுக்கு முயல் போதும்.

பக்கத்தில் நின்ற துவாரகன் தலையில் கை வைத்தான். செத்துப்போன மனைவி மயூரதியின் தம்பி.

"அத்தான், மூஸ் அடிக்கிறதுக்கு எங்களுக்குக் குலுக்கலில பெர்மிட் விழுந்திருக்கு. பதினைஞ்சு வருசமாக் கேட்டுக் கிடைக்காதவன் இருக்கிறான். நீங்கள் முயல் எண்டுறீங்கள். முயலுக்கு ஏன் துவக்கு? கரட்டைக் காட்டிக் கூப்பிடுவம், வரும்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மயூரதி போனபின் அவன் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. தட்டில் வைத்ததைத் தின்றான். துவாரகன் நீட்டிய சட்டையைப் போட்டான். துப்பாக்கி வகுப்புக்குப் போனதுகூடத் துவாரகன் இழுத்துத்தான். இன்று மட்டும் காரிலேயே சொல்லிவிட்டான், நீங்கள்தான் எடுக்கவேணும், நான் வாயே திறக்கமாட்டன் என்று.

கடைக்காரர் பெரிய தோட்டாவை எடுத்து அவனுடைய உள்ளங்கையில் வைத்தார்.

குளிர்ந்தது. கனத்தது.

இதால் முயலைச் சுட்டால் இரண்டு காதுகள் மிஞ்சும் என்றார். சின்னதால் மூஸைச் சுட்டால் அது விழாது. காயத்தோடு சதுப்புக்குள் போய் நாள்கணக்கில் கிடக்கும்.

நாள்கணக்கில் கிடப்பது எப்படியென்று அவனுக்குத் தெரியும்.

சின்னத் தோட்டாவைத் தள்ளி வைத்தான்.

"ஒரு மூஸில் எவ்வளவு இறைச்சி வரும்?"

கேட்டது தன் குரல்தானா என்றிருந்தது.

இருநூறு கிலோ. நல்ல ஆண் என்றால் இன்னும் கூட.

துவாரகன் விசிலடித்தான். வாய் திறக்கமாட்டேன் என்றவன். "பங்கு போடலாம் அத்தான்!"

பங்கு. ஊரில் அயல் வீடுகள் சேர்ந்து ஒரு கிடாய் அடிக்கும். எலும்பு, கொழுப்பு, தசை, எல்லாம் எல்லாக் கூறிலும் விழும்.

இது கிடாய் இல்லை. ஒரு தெருவே தின்னலாம்.

தோட்டாவைப் பொத்திக்கொண்டு துவாரகன் பக்கம் திரும்பினான்.

"மாமிக்கு எடு. ஸ்பீக்கரில போடு."

துவாரகன் தன் தாயின் எண்ணை அழுத்தினான்; மணி இரண்டு தரம் அடித்தது. "மாமி, மூஸ் அடிக்கிறம். பங்கு. எழுதுங்கோ. சிவயோகன் அண்ணை வீடு. கொன்சி அக்கா வீடு. மூலை வீட்டுப் பிலிப்பினோக் கிழவி. அந்தப் பஞ்சாபிக் குடும்பம்..."

கதவைத் திறக்காமல் அவன் உள்ளே கிடந்த மாதங்களில், வாசலில் சோற்றுப் பாத்திரம் வைத்துவிட்டுப் போன வீடுகள். யார் எதை வைத்தார்கள் என்பதுகூட நினைவிருந்தது. அவனுக்கே அது புதினமாக இருந்தது. குரல் உயர்ந்துகொண்டே போனது. மீன்தூண்டில் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாத் தம்பி," என்றாள் மாமி. "மிருகம் இன்னும் காட்டுக்குள்ளதானே நிக்குது?"

துவாரகன் சிரித்தான். அவனும் சிரித்தான்.

"சரி, எல்லாம் எழுதியாச்சு. உங்கட பங்கைச் சொல்லேல்லை."

அவன் முந்நூற்றெட்டை மேசையில் வைத்துக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினான். இதுதான் என்று தலையாட்டினான்.

"நெஞ்செலும்பு முழுக்க எனக்கு."

"பங்கெண்டால் எல்லாருக்கும் எல்லாம் போகோணும் தம்பி."

"இல்லை மாமி. எனக்கு வேணும்."

போனில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

எழுதிக்கொண்டே மாமி கேட்டாள்.

"குழம்போ, பிரட்டலோ?"