விரல்களின் ஞாபகம்

"நம்ம கல்யாண நாளைப் போட்டுப் பாருங்க," என்றாள் அவள்.

கணக்காளர் போட்டுப் பார்த்தார். பாஸ்வேர்டு தவறு என்றது கம்ப்யூட்டர்.

"என் பேரு?"

அதுவும் தவறு.

"போன மாசம் கொஞ்சம் தெளிவா இருந்தப்ப நீங்கதாங்க மாத்துனீங்க. வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னு அந்த எக்செல் ஃபைல்லதான் இருக்கு. நல்லா யோசிங்க."

"விபத்துக்கு அப்புறம் உன் முகமே எனக்கு ஞாபகம் இல்ல. நீ சொல்லித்தான் நீ யாருன்னே தெரியும். பாஸ்வேர்டு எங்கேர்ந்தும்மா வரும்?"

"வரும், வரும். மாத்திரை நேரமாச்சு, எடுத்துட்டு வர்றேன்," என்று சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

கணக்காளருக்கு ஒரு யோசனை வந்தது. மூளை மறந்தால் என்ன, காலமெல்லாம் கீபோர்டில் ஓடிய விரல்கள் இருக்கின்றனவே. கண்ணை மூடிக்கொண்டு விரல்களை அவற்றின் போக்கில் விட்டார். கண்ணைத் திறந்தபோது ஃபைலும் திறந்திருந்தது.

என்ன தட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. பாஸ்வேர்டுப் பெட்டி எதையும் புள்ளிகளாகத்தான் காட்டும். காலியாக இருந்த ஒரு கட்டத்தில் அதே வேகத்தில் மறுபடி தட்டினார். ஆங்கில எழுத்துகளில் தமிழ் வந்து விழுந்தது.

'இவள் என் மனைவி இல்லை.'

காலடிச் சத்தம் கேட்டது. சேமிக்காமல் ஃபைலை மூடினார்.

"திறந்துச்சாங்க?"

"இல்லம்மா. ஒண்ணும் ஞாபகம் வரல."

அவள் அவருடைய தலையை மெல்ல வருடிவிட்டு மாத்திரையை நீட்டினாள்.

"பரவால்ல. போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."