கருப்பு மைதான் செல்லும்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு சுந்தர் இருந்தான். ஊர் சீவலப்பேரி. அரிசியை செல்போனில் படம் பிடித்தால் நொறுங்கல் எவ்வளவு என்று சொல்லிவிடும் ஆப் ஒன்றை, ரெண்டு வருஷம் கண் பூத்துப்போக உட்கார்ந்து எழுதியிருந்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு கம்பெனி ஆப் போட்டி வைத்தது. ஜெயித்தால் ஆப்பை ரைஸ் மில்லுக்கெல்லாம் அவன் பேரிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பார்களாம். ஒரே நிபந்தனை. ஆப்பை எழுதிய சோர்ஸ் கோடு முழுசையும், ஒரு வரி விடாமல், பென் டிரைவில் போட்டு நேரில் கொடுக்க வேண்டும்.

மூணாவது நாளாக டவுன் பஸ் ஏறி வந்து நின்றான்.

"நீல மையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க தம்பி. கருப்பு மைதான் செல்லும்," என்றாள் மனு வாங்கும் முஃபீதா. அலுத்த குரல். தலை நிமிரவில்லை.

"முந்தாநாள் போட்டோ பெருசுன்னீங்க. நேத்து இனிஷியல் இல்லன்னீங்க. இன்னைக்கு மையா?"

"விதி அப்படி."

"ஒரு கருப்புப் பேனா குடுங்கக்கா, இங்கனயே போடுதேன்."

மேஜையில் நாலு பேனா கிடந்தது.

"எதுவும் எழுதாது தம்பி."

"இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதுக்கா. என் ரெண்டு வருஷம் இது!"

"தெரியும்." பென் டிரைவை அவன் பக்கமே தள்ளினாள். "எடுத்துட்டுப் போங்க."

"அடுத்தவன் பிழைச்சிரக் கூடாது, அதான உங்களுக்கு? நல்லா இருங்க!"

விறுவிறுவென்று வெளியே வந்தான். செருப்பை மாட்டக் குனிந்தபோது உள்ளே மேனேஜர் குமரகுருபரனின் குரல் கேட்டது.

"எத்தனை வந்திருக்கு முஃபீதா?"

"ஒண்ணும் தேறல சார். எல்லாத்துலயும் ஏதாவது குறை."

"என்னம்மா இது! போன வருஷம் நீ போட்டிக்குக் குடுத்தியே வாழைத்தார் ஏல ஆப், அதுல ஒரு குறை உண்டா? இன்னைக்கு எல்லா மண்டியிலயும் நம்ம கம்பெனி பேர்லல்லா ஓடுது! உனக்கும் இந்த வேலை ஆச்சு. உன்னை மாதிரி சரியாக் குடுக்க ஒருத்தனுக்கும் தெரியலையே!"

மேஜை டிராயரைப் பூட்டும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றவனைப் பார்த்தாள்.

"மணி அஞ்சு தாண்டிட்டு தம்பி. பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோங்க."

மெல்லப் படியிறங்கிப் போனாள்.