காந்தத்தில் ஒட்டியது

கணவன் நாச்சிமுத்துவின் சட்டையை நனைக்கும் முன் சாந்தாமணி காகிதத்தில் பொதிந்த காந்தம் ஒன்றை அதன்மேல் ஓட்டி எடுப்பாள். இரும்புத் தூளை அச்சில் அழுத்தி, உலையில் சுட்டுப் பல்சக்கரம் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. தூளோடு நனைத்தால் கூடவே ஊறும் மகளின் வெள்ளைச் சீருடையெல்லாம் துருப்புள்ளி விழுந்துவிடும். அந்தத் தூள் கோலமாவைவிட நைஸாக இருக்கும். காந்தத்தில் ஏறியதும் பிறந்த குழந்தையின் தலைமுடி போல எழுந்து நிற்கும். விரலால் ஒருமுறை அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தை உதறுவாள்.

இன்று தடவியபோது விரலில் குத்தியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சின்னச் சின்ன இரும்புச் சுருள்கள். இரும்பைக் கடையும் லேத் பட்டறை வாசல்களில் கூட்டிக் குவித்திருப்பார்களே, அது. அவன் கம்பெனியில் லேத்தே கிடையாது. தோளிலும் சட்டைப் பையிலும் மட்டும், கையால் அள்ளித் தூவியது போல ஒட்டியிருந்தது. கம்பெனியில் பாதிப் பேரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னபோது, "எங்க வீட்டுக்காரரு தெனமும் போயிட்டுத்தானுங்க வர்றாரு" என்று சண்டைக்கே போயிருந்தாள்.

உள்ளே சோற்றுத் தட்டின் முன்னால் இருந்து நாச்சிமுத்து குரல் கொடுத்தான்.

"ஏம்புள்ள, தூளு நெறைய இருக்குதா?"

குத்திய விரலை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஆமாங்க. இன்னிக்கு வேலை சாஸ்தியாட்ட இருக்குது."

"ஆமா புள்ள, சாஸ்திதான்" என்றான் அவன்.

அதன்பிறகு தட்டில் கை படும் சத்தமே கேட்கவில்லை.